இரத்தத்திற்கும் ஒரு படித்தரம் வேண்டும்
திருச்சிராப்பள்ளி, ஸ்ரீரங்கம் வட்டாரத்து இளம் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புமிக்க இளம் மருத்துவர்களே,

காவிரிக்கு இக்கரையிலும் அக்கரையிலும் உள்ள அரசு மருத்துவமனைகளிலும் தனியார் மருத்துவமனைகளிலும், அறுவைச் சிகிச்சைத் துறையிலோ மயக்க மருந்துத் துறையிலோ பயின்றும் பணியாற்றியும் வருகிற உங்களுக்கு, இரத்த வங்கியில் ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்துவிட்டு இப்போது ஸ்ரீரங்கத்து உத்தர வீதியில் ஓய்வாக வாழ்ந்துவரும் ஒரு முதிய வைத்தியன் எழுதும் மடல் இது. உங்கள் கல்வியைப் பற்றியோ கைத்திறனைப் பற்றியோ எனக்குச் சிறிதும் ஐயமில்லை. நான் எழுதப் புகுவதெல்லாம், அறுவைக்கு முதல் நாள் மாலையில் நீங்கள் நிரப்பி அனுப்புகிற இரத்தக் கோரிக்கைச் சீட்டில், ‘எத்தனை யூனிட்’ என்ற கட்டத்துள் இடுகிற அந்த ஓர் இலக்கத்தைப் பற்றி மட்டுமே.

அச்சீட்டுகளை நெடுங்காலம் கையில் வாங்கிப் பார்த்தவன் என்ற உரிமையில் ஒன்று சொல்வேன். நோயாளியின் பெயரும் வயதும் வார்டும் அறுவையின் பெயரும் ஒருவாறு நிரம்பியிருக்கும். ஹீமோகுளோபின் கட்டம் வெறுமையாக இருக்கும். உடல் எடை எழுதப்பட்டிராது. முன்பு இரத்தம் ஏற்றியதுண்டா, பெண்ணாயின் பிரசவங்கள் எத்தனை என்ற வினாக்களுக்கு நேரே ஒரு சாய்கோடு இருக்கும். யூனிட் கட்டத்தில் மாத்திரம் ‘4’ என்ற இலக்கம் அழுத்தந்திருத்தமாக நின்றுகொண்டிருக்கும். எந்த விவரங்களிலிருந்து அந்த நான்கு பிறக்க வேண்டுமோ, அந்த விவரங்கள் ஒன்றுமில்லாமலே அது பிறந்திருக்கிறது. முன்னவர் எழுதியதால் பின்னவரும் எழுதினார். பெரியவர் கேட்டால் சொல்வதற்கு ஒரு பதில் கையில் இருக்க வேண்டுமென்ற அச்சம் எழுத வைத்தது. இந்த வழக்கம் எந்த ஒரு நிலையத்திற்கும் உரியதன்று. நான் பழகிய இடங்களிலெல்லாம் கண்டது.

இரத்தநாள அறுவையில் இவ்வச்சம் பன்மடங்காவது இயற்கையே. வயிற்றினுள் பெருந்தமனியைத் திறக்கிற வைத்தியருக்கும் உயிர்க்கேட்டுக்கும் இடையே நிற்பது ஒரு கவ்வியும் சில தையல்களுமே. அங்கே ஒரு நிமிஷத்தில் இழக்கப்படுவது வேறோர் அறுவையில் ஒரு மணி நேரத்தில் இழக்கப்படுவதைக் காட்டிலும் அதிகமாகலாம். தமனியைக் கவ்வுமுன் உறையாமலிருக்க ஹெப்பாரின் செலுத்துகிறோம். நோயாளியோ முன்பே ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் உட்கொண்டு வருபவர். ஆகவே அச்சத்திற்குக் காரணமில்லை என்று நான் வாதிக்கவில்லை. அச்சம் தகுதியானதாயினும் அது கணக்காகிவிடாது என்பதே என் அபிப்பிராயம்.

இரத்தநாள அறுவையும் இரத்தமேற்றும் சிகிச்சையும் உடன்பிறந்தவை என்பதை நீங்கள் நினைவிற்கொள்ள வேண்டும். நியூயார்க் நகரில் 1908-ஆம் ஆண்டில், இரத்தப்போக்கால் உயிர் ஊசலாடிக்கொண்டிருந்த ஒரு பச்சிளங் குழந்தையின் காலிலுள்ள சிரையோடு அதன் தந்தையின் மணிக்கட்டுத் தமனியை நேராகத் தைத்து இணைத்து அக்குழந்தையைப் பிழைக்கவைத்தவர், நாளங்களைத் தைக்கும் முறையை வகுத்ததற்காக 1912-இல் நோபல் பரிசு பெற்ற அலெக்சிஸ் காரல் என்னும் பிரெஞ்சு வைத்தியரே. தந்தையிடமிருந்து எவ்வளவு இரத்தம் சென்றது என்று அன்று அளக்க வழியில்லை. வெளுத்திருந்த மேனி சிவந்ததைக் கண்டு போதுமென்று நிறுத்தினார்கள். 1914, 1915-ஆம் ஆண்டுகளில் சிட்ரேட் கலந்து இரத்தத்தை உறையாமல் வைக்கும் உபாயம் கண்டறியப்பட்ட பின்னர்தான் அது புட்டியில் அடங்கியது; புட்டியில் அடங்கியதால் அளக்கவும் எண்ணவும் தக்கதாயிற்று. அளக்க முடியாத காலத்தில் கண்ணால் மதிப்பிட்டதில் குற்றமில்லை. அளவு கைவந்த காலத்திலும் பழக்கத்தின்படியே கேட்போமாயின், நமக்கு முன்னோர் வென்று கொடுத்ததை நாம் ஏற்றுக்கொள்ளவில்லை என்றே பொருள்.

நீங்கள் எழுதிய நான்கு என்ற இலக்கம் இரத்த வங்கிக்குள் நுழைந்ததும் என்ன செய்கிறது என்று பாருங்கள். நோயாளியின் மாதிரியோடு நான்கு பைகளின் மாதிரிகள் தனித்தனியே பொருத்தம் பார்க்கப்படுகின்றன. பொருந்திய பைகளின் கழுத்தில் நோயாளியின் பெயரெழுதிய சீட்டைக் கட்டி, 2 முதல் 6 டிகிரி வரை குளிர்ந்த பெட்டியின் ஒதுக்கீட்டுத் தட்டில் வைக்கிறார்கள். அப்பெயருக்குரியவரைத் தவிர வேறெவருக்கும் அவை இரண்டு மூன்று நாட்கள் இல்லாத இரத்தமே. அறுவை முடிந்து, ஒன்றுகூடத் தேவைப்படாமல், சீட்டை அவிழ்த்துப் பொதுத் தட்டிற்கு அவை திரும்பும்போது, சாதாரணமாக 35 நாட்களே உள்ள அவற்றின் ஆயுளில் அந்நாட்கள் கழிந்துபோயிருக்கும். மறுநாள் இன்னொரு சீட்டு, இன்னொரு நான்கு, மீண்டும் அதே கதை. இவ்வாறு பலமுறை கட்டப்பட்டும் அவிழ்க்கப்பட்டும், ஒருவருக்கும் உதவாமல் காலாவதித் தேதியை எட்டிய பையை எரிப்பதற்கு அனுப்புகையில், அதைத் தந்த கொடையாளரை நேரில் கண்டவர்களாகிய எங்களுக்கு உண்டாகும் மனவேதனை சிறிதன்று.

இங்கே நமக்குக் கிடைக்கிற இரத்தத்தில் பெரும்பகுதி நம் ஊர்க் கல்லூரி மாணவர்கள் முகாம்களில் தருவது. சித்திரை வெயிலில் கல்லூரிகள் மூடியிருக்கும்போது முகாம்கள் குன்றிவிடும். பிரசவ வார்டின் தேவையோ நெடுஞ்சாலை விபத்துகளின் தேவையோ விடுமுறை அறியாது. அத்தகைய நாட்களில் ஒதுக்கீட்டுத் தட்டு நிறைந்தும் பொதுத் தட்டு வறண்டும் கிடப்பதை நான் கண்டதுண்டு. அதே நேரத்தில், துறையூரிலிருந்தும் மணப்பாறையிலிருந்தும் அரியலூரிலிருந்தும் வந்து நடைவழியில் நிற்கிற குடும்பத்தாரிடம், ‘நாலு பேரைக் கூட்டிட்டு வாங்க’ என்று சொல்லப்படுகிறது. கூலி வேலையை விட்டுவந்த தம்பி, பஸ் கட்டணத்திற்குக் கடன் வாங்கிய மைத்துனர், ஊர்க்காரர் இருவர் என்று ஓடித் திரட்டுகிறார்கள். உச்ச நீதிமன்றம் 1996-இல் அளித்த தீர்ப்பின் பயனாக, விலைக்கு இரத்தம் தருவது 1998 ஜனவரி முதல் நாளிலிருந்து இந்நாட்டில் ஒழிக்கப்பட்டது. அது மகத்தான நன்மை. ஆனால் தேவைக்கு மிஞ்சிக் கேட்கும் ஒவ்வொரு யூனிட்டும் ஓர் ஏழைக் குடும்பத்தின்மீது சுமத்தப்படும் ஒரு வரியாக இன்னும் இருந்துவருகிறது.

கேட்டது கேட்டாயிற்று, பொருத்தமும் பார்த்தாயிற்று, ஏற்றிவிடுவோமே என்ற எண்ணம் அடுத்த ஆபத்து. எச்.ஐ.வி., இருவகைக் கல்லீரல் அழற்சி, மேகநோய், மலேரியா ஆகிய ஐந்திற்கும் ஒவ்வொரு பையையும் சோதிக்கிறோம்; அப்படியிருந்தும் 2018-ஆம் ஆண்டு டிசம்பரில் விருதுநகர் மாவட்டத்தில் ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்கு எச்.ஐ.வி. தொற்றிய இரத்தம் ஏற்றப்பட்ட கொடுமையைத் தமிழ்நாடு மறந்திருக்காது. தொற்றைத் தவிர, பெயர் மாறி ஏறும் இரத்தமும், பலவீனமான இருதயம் தாங்காத அளவில் ஏறும் இரத்தமும் உயிரை வாங்கியிருக்கின்றன. இரத்தநாள நோயாளிகளில் இருதயமும் சிறுநீரகமும் பழுதுபடாதவர்கள் சிலரே என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதன்று.

அப்படியாயின் அந்த இலக்கத்தை எங்ஙனம் அடைவது? மூன்று வினாக்களுக்கு விடை கண்டால் போதும். இந்நோயாளி எவ்வளவு இழக்கலாம்? இவ்வறுவை எவ்வளவு இழக்கச் செய்யும்? நம் கையில், நம் அரங்கில், இதுவரை எவ்வளவு செலவாயிற்று?

முதல் வினாவுக்கு ஒரு துண்டுக் காகிதம் போதும். 60 கிலோ எடையுள்ள ஆண்மகனின் உடலில் கிலோவுக்கு 70 மில்லி வீதம் 4,200 மில்லி இரத்தம் உண்டு. அவருடைய ஹீமோகுளோபின் 13 என்றும், 8-க்குக் கீழ் இறங்க விடுவதில்லை என்றும் கொள்வோம். வித்தியாசமாகிய 5-ஆல் 4,200-ஐப் பெருக்கி, இரண்டின் சராசரியாகிய 10.5-ஆல் வகுத்தால், ஏறத்தாழ 2,000 மில்லி வரை இரத்தம் ஏற்றாமலே, உப்புநீர் முதலான திரவங்களால் ஈடுசெய்து அவரைக் காக்கலாம் என்று கிடைக்கிறது. அதே எடையுள்ள இன்னொருவர் 10 என்ற ஹீமோகுளோபினோடு வந்திருந்தால் அவ்வெல்லை 930 மில்லியாகச் சுருங்கிவிடுகிறது. ஒரே அறுவையில் இருவரும் 1,200 மில்லி இழந்தால், முன்னவருக்கு ஒரு பையும் வேண்டியதில்லை, பின்னவருக்கு வேண்டும். வெறுமையாக விடப்படுகிற அந்த ஹீமோகுளோபின் கட்டம், யூனிட் கட்டத்தின் தாய் என்று நான் சொல்வது இதனால்தான்.

இரண்டாவது வினாவில் அறுவைகளை ஒரே கூட்டமாக நினைக்கும் பழக்கத்தை விடவேண்டும். டயாலிசிஸ் செய்துகொள்பவர்க்குக் கையில் ஃபிஸ்டுலா அமைப்பதும், மார்பிலிருந்து வயிறுவரை பெருந்தமனியை மாற்றுவதும் இரத்தநாள அறுவை என்ற ஒரே பெயரில் வழங்கினாலும், முன்னதில் சிந்துவது சில பஞ்சுகளில் அடங்கும். பின்னதில் பல லிட்டர்கள் கணக்கில் வரும். தொடைத் தமனியிலிருந்து முழங்காலுக்குக் கீழே மாற்றுவழி அமைப்பதில் இழப்பு பெரும்பாலும் மிதமானது. முன்பே ஒருமுறை திறந்த இடத்தை மீண்டும் திறக்கையில் அது மிகும். அர்ஜென்டினாவில் யுவான் பரோடி 1990-இல் தொடங்கிவைத்த முறைப்படி, தொடை வழியே குழாயைச் செலுத்தித் தமனி வீக்கத்தை உள்ளிருந்தே அடைக்கும்போது, வயிற்றைத் திறந்து செய்வதைவிட இரத்தச் செலவு மிகவும் குறைகிறது. கோரிக்கைச் சீட்டு மட்டும் பழைய அறுவையின் இலக்கத்தையே சுமந்து வருவது நியாயமாகுமா?

இதற்கு நேர்மாறான பிழையையும் கூறவேண்டும். சர்க்கரை நோயாலோ பீடிப் பழக்கத்தால் வரும் பர்ஜர் நோயாலோ அழுகிய காலை முழங்காலுக்குக் கீழே எடுக்கும் அறுவையை நாம் சிறியதென்று கருதுகிறோம். சிந்துவது சிறிதே ஆனாலும், வாரக்கணக்கில் சீழும் காய்ச்சலுமாகக் கிடந்து, சிறுநீரகமும் தளர்ந்து, ஹீமோகுளோபின் எட்டோடு வரும் அந்த மனிதர் தாங்கும் எல்லையும் சிறிதே. பெரிய பெயருள்ள அறுவைக்கு நான்கும் சிறிய பெயருள்ள அறுவைக்கு ஒன்றுமில்லையுமாக எழுதுவது, கேட்கவேண்டியவருக்குக் கேட்காமலும் வேண்டாதவருக்குக் கேட்டும் இருமுகமாகத் தவறுகிறது.

மூன்றாவது வினாவுக்கு விடை எந்தப் புத்தகத்திலும் இல்லை. உங்கள் அரங்கின் பதிவேட்டில்தான் இருக்கிறது. அமெரிக்காவில் பிரீட்மனும் அவருடைய தோழர்களும் 1976-இல் வெளியிட்ட முறையொன்று உண்டு. ஒவ்வோர் அறுவைக்கும் அதிகபட்சம் எத்தனை யூனிட் கேட்கலாம் என்று அனுபவக் கணக்கிலிருந்து ஓர் அட்டவணையை வகுப்பது அதன் சாரம். அதற்கு வேண்டியவை மூன்று எண்கள். உதாரணத்திற்காக மட்டும் ஒரு கணக்குச் சொல்கிறேன். ஒரு துறையில் 40 பேருக்குக் கால் தமனி மாற்றுவழி அறுவை நடந்தது. அவர்களுக்காக 120 யூனிட் பொருத்தம் பார்க்கப்பட்டது. 14 பேருக்கு ஆக மொத்தம் 30 யூனிட் ஏற்றப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். பொருத்தியதை ஏற்றியதால் வகுத்தால் 4, இது 2.5-ஐத் தாண்டலாகாது என்பது உலகம் ஒப்பிய அளவு. ஏற்றப்பட்டோர் நூற்றுக்கு 35 பேர். இது 30-ஐ எட்டுவதால் இவ்வறுவைக்கு இரத்தம் ஒதுக்குவது தகும். ஏற்றிய யூனிட்டுகளை நோயாளிகளின் தொகையால் வகுத்தால் முக்கால். அதை ஒன்றரையால் பெருக்கினால் ஒன்றே அரைக்கால். மூன்று கேட்டுவந்த இடத்தில் இரண்டு வைத்தாலே தாராளம் என்று கணக்கு நமக்குச் சொல்லிவிடுகிறது.

ஏற்றப்படும் வாய்ப்பு நூற்றுக்கு 30-க்கும் குறைவாயுள்ள அறுவைகளுக்குப் பையை ஒதுக்கவே வேண்டாம். நோயாளியின் இரத்த வகையை அறிந்து, பிறர் இரத்தத்தை எதிர்க்கும் எதிர்ப்பொருள்கள் உண்டா என்று சோதித்து வைத்தால் போதும். எதிர்ப்பொருள் இல்லாதவருக்குச் சில நிமிஷங்களில் பொருத்தம் பார்த்துப் பை வெளிவரும். பல பிரசவங்கள் கண்ட தாய்மார்க்கும் முன்பு பலமுறை இரத்தம் ஏற்றிக்கொண்டவர்க்கும் அவ்வெதிர்ப்பொருள்கள் இருக்கக்கூடும். பொருந்தும் பையைத் தேடவே நாளாகுமாதலால் அவர்களுக்கு முன்கூட்டியே ஒதுக்க வேண்டும். சாய்கோடு இட்டுத் தாண்டிச் செல்லும் அந்த இரு வினாக்கள் சீட்டில் இடம்பெற்றிருப்பது இதற்காகவே.

நம் ஊர்க்காரர்க்கு இம்முறை அந்நியமன்று. அரங்கன் திருக்கோயிலில் இன்ன வேளைப் பூஜைக்கு இன்ன அளவு அரிசி, இன்ன அளவு நெய், இன்ன அளவு பருப்பு என்று படித்தரம் வகுத்து, அதன்படியே களஞ்சியத்திலிருந்து அளந்து கொடுத்துவந்தார்கள். உற்சவ நாளுக்கு வேறு படித்தரம். மடைப்பள்ளியில் இருப்பவரின் அச்சமோ ஆசையோ அளவைத் தீர்மானிக்கவில்லை. ஆண்டாண்டாகக் கண்ட செலவு தீர்மானித்தது. அதே கோயிலுக்குள் ஆரோக்கியசாலை ஒன்று இருந்ததையும், கருடவாகன பட்டர் என்பவர் அதைப் புதுப்பித்துத் தன்வந்தரியை எழுந்தருளச் செய்ததையும் 1493-ஆம் ஆண்டுக் கல்வெட்டு சொல்கிறது. அளந்து வழங்குவதும் நோயாளியைப் பேணுவதும் ஒரே மதிலுக்குள் வாழ்ந்த ஊரில், இரத்தத்திற்கு ஒரு படித்தரம் வகுப்பது நம்மால் இயலாத காரியமா?

படித்தரம் வகுத்தாலும் விவேகத்திற்கு ஓய்வில்லை. ஹீமோகுளோபின் பத்துக்குக் குறைந்தாலே ஏற்றவேண்டும் என்ற பழைய விதியை, 838 தீவிர நோயாளிகளைக் கொண்டு கனடாவில் நடத்தி 1999-இல் வெளியிட்ட ஆய்வு அசைத்தது; ஏழு வரை பொறுத்தவர்கள் ஒரு குறையும் அடையவில்லை. ஆனால் அந்த ஏழை அப்படியே இரத்தநாள நோயாளிக்குப் பொருத்திவிடாதீர்கள். டென்மார்க்கில் 58 இரத்தநாள அறுவை நோயாளிகளைக் கொண்டு நடத்தி 2019-இல் வெளியான ஒரு சிற்றாய்வில், எட்டுக்குக் குறையும்வரை காத்திருந்தவர்களிடையே மரணமும் நாளச் சிக்கல்களும் மிகுந்து காணப்பட்டன. சிறிய ஆய்வாதலால் அது தீர்ப்பாகாது. எச்சரிக்கையாக நிச்சயம் ஆகும். இருதய நோயுள்ளவர்க்கு எட்டை எல்லையாகக் கொண்டு, நெஞ்சுவலி, நாடித்துடிப்பு, இருதய வரைபடம் ஆகியவற்றையும் கவனித்து, ஒரு யூனிட் ஏற்றிய பின் மீண்டும் சோதித்து, அதன்பின்பே அடுத்ததைத் தொடுவது நிதானமுள்ளோர் வழி. நம் நாட்டுப் பைகளில் பல 350 மில்லி அளவினவாதலால், ஒரு பைக்கு ஒரு கிராம் ஏறும் என்ற மேல்நாட்டுப் புத்தகக் கணக்கிலும் சற்றுக் குறைவாகவே எதிர்பாருங்கள்.

வெடித்த பெருந்தமனியோடு நள்ளிரவில் வருகிறவருக்கு முன்சொன்ன கணக்கு ஒன்றும் செல்லாது. அங்கே வேண்டுவது உற்சவப் படித்தரம்: ஓ வகைச் சிவப்பணுக்கள் எத்தனை, பிளாஸ்மா எத்தனை, தட்டணுக்கள் எத்தனை, யார் தொலைபேசியில் சொல்வது, யார் ஓடிச்சென்று வாங்குவது என்று அமைதியான நாளிலேயே எழுதி ஒட்டப்பட்ட ஏற்பாடு. சாதாரண நாட்களில் ஒதுக்கீட்டுத் தட்டு அநாவசியமாக நிறையாமல் இருந்தால்தான், அந்த ஓர் இரவில் கேட்டதும் அள்ளித்தரப் பொதுத் தட்டில் இரத்தம் இருக்கும். சிக்கனத்தை நான் வற்புறுத்துவது தாராளத்தின் பொருட்டே.

ஆகவே உங்களிடம் சில வேண்டுகோள்கள் வைக்கிறேன். முதலாவது, ஹீமோகுளோபின், எடை, பழைய இரத்தமேற்றல், பிரசவங்கள் ஆகிய கட்டங்கள் நிரம்பாத சீட்டில் யூனிட் கட்டத்தை நிரப்புவதில்லை என்று உறுதி கொள்ளுங்கள். இரண்டாவது, அவசரமில்லாத அறுவையாயின் நான்கு வாரங்களுக்கு முன்பே இரத்தசோகையைத் தேடிக் காரணம் அறிந்து இரும்புச்சத்தோ வேறு சிகிச்சையோ தொடங்குங்கள். 2019 முதல் 2021 வரை எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேர் சோகையுடையவர்கள். மூன்றாவது, அரங்கில் இழப்பைக் கண்ணால் மதிப்பிடாமல், நனைந்த பஞ்சுகளைத் தராசிலிட்டு, உலர்ந்த எடையைக் கழித்து, ஒரு கிராமுக்கு ஒரு மில்லி என்று எழுதுங்கள். உறிஞ்சு புட்டியின் அளவிலிருந்து கழுவிய நீரைக் கழித்துக்கொள்ளுங்கள். பெருந்தமனி அறுவையாயின், சிந்திய இரத்தத்தையே கழுவித் திரும்பச் செலுத்தும் கருவி உள்ள இடத்தில் அதைப் பயன்படுத்துங்கள். நான்காவது, வாங்கிவந்த பை வேண்டாமென்று தெரிந்தால் அரைமணி நேரத்திற்குள் திருப்பியனுப்புங்கள். அதற்குமேல் அரங்கின் வெப்பத்தில் கிடந்த பை ஒருவருக்கும் ஆகாது.

ஐந்தாவதும் முக்கியமானதுமான வேண்டுகோள், உங்கள் மருத்துவமனையின் இரத்தமேற்றல் குழுவைக் கூட்டி, சென்ற ஓராண்டின் இரத்தநாள அறுவைகளை வகைவகையாகப் பிரித்து, பொருத்தியவை, ஏற்றியவை, ஏற்றப்பட்டவர்கள் என்ற மூன்று எண்களை ஒவ்வொரு வகைக்கும் எழுதி, அதிலிருந்து உங்கள் சொந்தப் படித்தரத்தை வகுத்து, ஆறு மாதத்திற்கொருமுறை திருத்தி வாருங்கள் என்பதே. அரங்கின் பதிவேடும் வங்கியின் பதிவேடும் அருகருகே வைக்கப்பட்டால் போதும், வேறு செலவில்லை. புத்தூரிலுள்ள அரசு மருத்துவமனைக்கும் அதனோடிணைந்த கி.ஆ.பெ. விசுவநாதம் மருத்துவக் கல்லூரிக்கும் வந்துசேரும் நோயாளிகளின் தொகையும் வகையும் இதற்குப் பொன்னான வாய்ப்பு. பட்ட மேற்படிப்பு மாணவர் ஒருவர் இதையே தம் ஆய்வுப்பொருளாக எடுத்துக்கொண்டால், நம் மாவட்டத்திற்கு உரிய எண்கள் நம்மிடமே பிறக்கும். வேற்று நாட்டு அட்டவணையை நாம் இரவல் வாங்க வேண்டியதில்லை.

இளைஞர்களே, கொடையாளர் தம் கையை நீட்டும்போது, அந்த இரத்தம் யாருக்குப் போகும் என்று கேட்பதில்லை. தேவையுள்ளவருக்குப் போகும் என்று நம்பிக் கொடுக்கிறார். அந்நம்பிக்கையை நிறைவேற்றும் பொறுப்பு நீங்கள் எழுதும் ஒற்றை இலக்கத்தில் இருக்கிறது. இனி எழுதுமுன் கணக்கிடுங்கள். கணக்கிட்டபின் ஐந்து வந்தால் அஞ்சாமல் ஐந்தே கேளுங்கள், ஒன்றும் வராவிடில் துணிந்து ஒன்றும் கேளாதிருங்கள். காரணத்தோடு வருகிற ஐந்தை எந்த இரத்த வங்கியும் மறுக்கலாகாது. மறுத்தால் உங்களோடு நின்று வாதாட என் போன்ற முதியவர்கள் இவ்வூரில் இன்னும் இருக்கிறோம்.

இங்ஙனம்,
உங்கள் நலத்தையும் உங்கள் நோயாளிகளின் நலத்தையும் நாடும்,
ஓய்வுபெற்ற இரத்த வங்கி மருத்துவர்,
ஸ்ரீரங்கம்.